அந்தச் சின்ன எண்ணை அழுத்திப் பாருங்கள்

சிங்கப்பூரில் பிள்ளைகள் படிக்கும் தமிழ் வீடுகளில் இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பள்ளியில் அறிவியல் செயல்திட்டம் கொடுப்பார்கள். கூடவே ஒரு நிபந்தனை: விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதக்கூடாது. பிள்ளை தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வரும். மடிக்கணினியைத் திறந்ததும் முதல் வேலையாக விக்கிப்பீடியாவுக்குத்தான் போகும். எழுதி முடித்த பிறகு அந்தப் பெயர் எங்கும் தலைகாட்டாதபடி பார்த்துக்கொள்ளும். ஆசிரியருக்கும் இது தெரியும், பெற்றோருக்கும் தெரியும். யாரும் வாய்திறப்பதில்லை.

நான் உட்லண்ட்ஸில் வீட்டிலேயே துணைப்பாட வகுப்பு நடத்துகிறேன். வேதியியலும் உயிரியலும் சொல்லித்தருகிறேன். பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள், சில தொடக்கக்கல்லூரி மாணவர்களும் உண்டு. அவர்கள் செயல்திட்டம் எழுதும் விதத்தைப் பல வருடங்களாகப் பக்கத்தில் இருந்து பார்த்துவருகிறேன். இந்தத் தடை நல்ல எண்ணத்தில் போட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது கெடுதல்தான் செய்கிறது. தடையால் பிள்ளைகள் இணையக் கலைக்களஞ்சியத்தை விட்டுவிடவில்லை. மறைத்துப் பயன்படுத்தப் பழகிக்கொண்டார்கள்.

மறைக்கும் வழியும் எல்லோருக்கும் ஒன்றுதான். கட்டுரையின் அடியில் இருக்கும் ஆதாரப் பட்டியலிலிருந்து நாலைந்து ஆய்விதழ்ப் பெயர்களை அப்படியே எடுத்துத் தங்கள் செயல்திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள். அந்த ஆய்வுகளில் ஒன்றைக்கூடத் திறந்திருக்க மாட்டார்கள். பார்க்க மிக நேர்த்தியாக இருக்கும், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். படிக்காத ஒன்றைப் படித்ததாகச் சொல்வது அறிவியலில் பெரிய குற்றம். அதைப் பதினைந்து வயதிலேயே ஒரு விதியின் நிழலில் கற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

டெங்கிச் செயல்திட்டம் ஒன்றைச் சொன்னால் இது விளங்கும்.

என்னிடம் படிக்கும் உயர்நிலை 3 மாணவி ஒருத்தி டெங்கியைத் தலைப்பாக எடுத்திருந்தாள். அவர்கள் புளோக்கில் மின்தூக்கிக்குப் பக்கத்திலேயே சிவப்பு எச்சரிக்கைப் பலகை தொங்கிய நேரம் அது. அந்த வட்டாரத்தில் பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்திருந்தால் சிவப்பு, பத்துக்குக் குறைவென்றால் மஞ்சள். 2020இல் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டவர்களை டெங்கி தாக்கியது இங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அவளுடைய வீட்டிலும் ஒருவர் மருத்துவமனைவரை போய்வந்தார். ஆகவே தலைப்பை மேலுக்கு எடுக்கவில்லை, உண்மையான அக்கறையோடுதான் எடுத்திருந்தாள்.

அவள் எழுதியிருந்தது இப்படிப் போனது: 'சிங்கப்பூரில் வொல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ள கொசுக்களை வெளியே விடுகிறார்கள். இந்தக் கொசுக்களால் டெங்கிக் கிருமியைப் பரப்ப முடியாது. இதனால் டெங்கி 77 விழுக்காடு குறைந்தது.'

மூன்று வாக்கியங்கள். ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் உண்மை. மூன்றையும் சேர்த்துப் படித்தால் தவறு.

"இந்த 77 எங்கேருந்து வந்துச்சும்மா?" என்று கேட்டேன்.

"விக்கியில இருந்துச்சு ஆண்ட்டி. ஆனா டீச்சர் விக்கி போடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அதான் கீழ இருந்த ஜர்னல் பேரைப் போட்டுட்டேன்."

"அந்த ஜர்னலைத் திறந்து பார்த்தியா?"

"இல்ல ஆண்ட்டி."

"சரி, இப்போ திறப்போம்."

விக்கிப்பீடியாவில் அந்த வாக்கியத்தின் முடிவில் மேலே தூக்கி வைத்த சின்ன எண்ணை அழுத்தினாள். அது நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில் 2021இல் வந்த ஓர் ஆய்வுக்குக் கொண்டுபோனது. முழுக் கட்டுரையும் இலவசமாகவே படிக்கக் கிடைத்தது. முதல் பத்தியிலேயே அவள் நின்றுவிட்டாள். ஆய்வு நடந்த இடம் இந்தோனேசியாவின் ஜொக்ஜாகர்த்தா நகரம். சிங்கப்பூருக்கும் அந்த 77க்கும் சம்பந்தமே இல்லை.

அதைவிட முக்கியமான வேறுபாடு உள்ளே இருந்தது. ஜொக்ஜாகர்த்தாவில் வொல்பாக்கியா உள்ள முட்டைகளை வைத்தார்கள். அவற்றிலிருந்து ஆணும் பெண்ணும் வந்து, ஊர்க் கொசுக்களோடு கலந்து பெருகின. பாக்டீரியா தாயிடமிருந்து குஞ்சுகளுக்குப் போகும். நாளடைவில் ஊரிலுள்ள, டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்களில் பெரும்பாலானவற்றின் உடலில் அது குடியேறிவிடும். அப்படிப்பட்ட கொசுவுக்குள் டெங்கிக் கிருமி சரியாகப் பெருக முடியாது. கொசு இருக்கும், கடிக்கவும் செய்யும், ஆனால் நோயைக் கொண்டுபோவது குறையும்.

சிங்கப்பூரில் தேசிய சுற்றுப்புற வாரியம் 2016 முதல் செய்துவருவது வேறு முறை. இங்கே ஆண் கொசுக்களை மட்டும் விடுகிறார்கள். ஆண் கொசு கடிக்காது. வொல்பாக்கியா உள்ள ஆணோடு ஊர்ப் பெண் கொசு சேர்ந்தால் அது இடும் முட்டைகள் பொரிக்காது. தலைமுறைக்குத் தலைமுறை கொசுக்களின் எண்ணிக்கை இறங்கும். அதாவது அங்கே கொசுவையே மாற்றுகிறார்கள், இங்கே கொசுவைக் குறைக்கிறார்கள். பாக்டீரியா ஒன்றுதான், வேலை செய்யும் வழி முற்றிலும் வேறு. கலைக்களஞ்சியக் கட்டுரை இரண்டையும் தனித்தனியாகத்தான் சொல்லியிருந்தது. அவசரத்தில் படித்த கண் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

அப்புறம்தான் சுவாரசியமான பகுதி வந்தது. அந்த 77 எப்படிக் கிடைத்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். நகரை 24 பகுதிகளாகப் பிரித்து 12இல் மட்டும் வொல்பாக்கியா கொசுக்களை விட்டிருக்கிறார்கள். விட்ட பகுதிகளில் 2,905 பேரில் 67 பேருக்கு டெங்கி உறுதியாகியிருந்தது. விடாத பகுதிகளில் 3,401 பேரில் 318 பேருக்கு. முதலாவது 2.3 விழுக்காடு, இரண்டாவது ஏறக்குறைய 9.4 விழுக்காடு. அவள் கால்குலேட்டரை எடுத்துக் கணக்குப் போட்டாள். 75 தான் வந்தது. திரும்பப் போட்டாள், அதேதான். "பேப்பர்லயே தப்பா ஆண்ட்டி?" என்றாள்.

தப்பு இல்லை. அந்த ஆய்வாளர்கள் நோய் வந்தவர்களை மொத்தப் பேரால் வகுக்கவில்லை. வந்தவர்களை வராதவர்களோடு ஒப்பிட்டிருக்கிறார்கள்: ஒரு பக்கம் 67க்கு 2,838, மறுபக்கம் 318க்கு 3,083. முதல் விகிதத்தை இரண்டாவதால் வகுத்து, வந்த விடையை 1இலிருந்து கழித்தால் 0.771, அதாவது 77.1 விழுக்காடு சரியாக வரும். ஏன் அப்படிச் செய்தார்கள் என்றால், அந்த 2,905 பேரும் 3,401 பேரும் தெருவில் போன பொதுமக்கள் இல்லை. காய்ச்சல் என்று மருந்தகத்துக்கு வந்தவர்கள், 3 வயது முதல் 45 வயதுவரை உள்ளவர்கள். அவர்களில் யாருக்கு டெங்கி, யாருக்கு வேறு காய்ச்சல் என்று பிரித்துப் பார்ப்பதுதான் அந்த ஆய்வின் அமைப்பு.

"அப்போ இது ஊர்ல இருக்கிறவங்கள்ல 2.3 விழுக்காடு இல்லையா?"

"இல்லம்மா. காய்ச்சல்னு வந்தவங்கள்ல."

ஒரு மணி நேரத்துக்குள் அவளுக்குத் தெரிந்தது இவ்வளவு: ஒரு எண்ணுக்கு ஊர் உண்டு, ஆண்டு உண்டு, யாரை எண்ணினார்கள் என்பதும் உண்டு. நான் பாடமாக நடத்தியிருந்தால் காதில் ஏறியிருக்காது. அவள் இந்த இடத்துக்கு வந்தது அந்தத் தடைபட்ட கலைக்களஞ்சியத்தின் வழியாகத்தான். நேரடியாக ஆய்விதழைத் தேடச் சொல்லியிருந்தால் வொல்பாக்கியா என்ற பெயரே அவளுக்குக் கிடைத்திருக்காது. செயல்திட்டத்தைத் திருத்தி எழுதியபோது ஜொக்ஜாகர்த்தா ஒரு பக்கம், சிங்கப்பூர் ஒரு பக்கம் என்று இரண்டு முறைகளையும் எதிரெதிரே வைத்தாள். நான் பார்த்த உயர்நிலை 3 செயல்திட்டங்களில் நல்லவற்றில் அது ஒன்று.

'யார் வேண்டுமானாலும் எழுதலாம், அதனால் நம்ப முடியாது' என்பதுதான் தடைக்குச் சொல்லும் வழக்கமான காரணம். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதியை நேச்சர் ஆய்விதழ் 2005லேயே சோதித்துப் பார்த்தது. அப்போது விக்கிப்பீடியாவுக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை, 2001 ஜனவரியில்தான் தொடங்கினார்கள். 42 அறிவியல் தலைப்புகளில் விக்கிப்பீடியாவின் கட்டுரையையும் பிரிட்டானிகாவின் கட்டுரையையும் எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் துறை அறிஞர்களிடம் கொடுத்தார்கள். பெரிய பிழைகள் இரண்டிலும் நான்கு நான்கு. சின்னப் பிழைகள், விடுபட்டவை என்று எண்ணினால் விக்கிப்பீடியாவில் 162, பிரிட்டானிகாவில் 123. கட்டுரைக்கு ஏறத்தாழ நான்கும் மூன்றும். அந்த ஒப்பீடு நடந்த விதம் சரியில்லை என்று பிரிட்டானிகா மறுப்பு வெளியிட்டது, நேச்சர் தன் முடிவிலிருந்து இறங்கவில்லை. எனக்கு அதில் பெரிதாகத் தோன்றுவது வேறு. 1768 முதல் வரும் பிரிட்டானிகாவிலும் கட்டுரைக்கு மூன்று பிழை இருக்கிறது. பிழையே இல்லாத கலைக்களஞ்சியம் எதுவுமில்லை.

அதனால் 'விக்கி மோசம், பிரிட்டானிகா நல்லது' என்று பிள்ளைகளிடம் சொல்வதில் அர்த்தமில்லை. இரண்டையுமே ஆய்வேட்டில் கடைசி ஆதாரமாகக் காட்டுவதில்லை. ஒருவர் ஆய்வு செய்து எழுதுகிறார், இன்னொருவர் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி எழுதுகிறார், அவற்றையெல்லாம் சுருக்கித் தருவது கலைக்களஞ்சியம். மூன்றாவது கையில் இருப்பதை முதல் கையிலிருந்து வாங்கியதாகச் சொல்லக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். விக்கிப்பீடியாவே தன்னை ஆய்வுக்கு ஆதாரமாகக் காட்ட வேண்டாம் என்றுதான் வாசகர்களுக்குச் சொல்கிறது. எழுதுபவர் தன் சொந்த ஆராய்ச்சியை அதில் நுழைக்கக்கூடாது என்பது அதன் அடிப்படை விதிகளில் ஒன்று. மருத்துவம் சார்ந்த செய்தி என்றால் ஆங்கில விக்கிப்பீடியாவில் இன்னும் கண்டிப்பு: தனியொரு ஆய்வு போதாது, பல ஆய்வுகளை அலசிய கட்டுரை வேண்டும் என்று கேட்பார்கள். பள்ளிச் செயல்திட்டத்தில் நாமே இவ்வளவு கேட்பதில்லை.

விஞ்ஞானிகள் மட்டும் அதைப் பார்க்காமலா இருக்கிறார்கள்? 2017இல் நீல் தாம்ப்சன், டக்ளஸ் ஹான்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். விக்கிப்பீடியாவில் இல்லாத வேதியியல் தலைப்புகளுக்குக் கட்டுரைகள் எழுதவைத்து, குலுக்கல் முறையில் பாதியை மட்டும் ஏற்றினார்கள், மீதியை வைத்துக்கொண்டார்கள். பிறகு வந்த ஆய்விதழ்க் கட்டுரைகளின் மொழியை ஆராய்ந்தால், ஏற்றிய கட்டுரைகளின் சாயல்தான் கூடுதலாகத் தெரிந்தது. ஆய்வாளர்களும் படிக்கிறார்கள், பெயரைச் சொல்வதில்லை. என் மாணவி செய்ததும் அதுதான். பெரியவர்களின் பழக்கம் பிள்ளைகளிடமும் இருக்கிறது.

சரி, ஆபத்தே இல்லையா என்றால் இருக்கிறது. நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லும் கதை ஒன்று உண்டு. தென்னமெரிக்காவில் கோவாட்டி என்ற விலங்கு இருக்கிறது, நீண்ட மூக்கும் வளைய வளையமாக வாலும் உள்ளது. 2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர் பிரேசிலுக்குச் சுற்றுலா போனபோது அதைப் பார்த்து ஆர்ட்வார்க் என்று நினைத்துக்கொண்டார். ஆர்ட்வார்க் ஆப்பிரிக்காவில் மட்டுமே வாழும் விலங்கு. ஊர் திரும்பியதும் விளையாட்டாக விக்கிப்பீடியாவில் கோவாட்டிக்கு 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்ற பெயரும் உண்டு என்று ஒரு வரி சேர்த்தார். ஆதாரம் எதுவும் தரவில்லை. யாரும் கவனிக்கவில்லை. பிறகு பிரிட்டிஷ் நாளிதழ்கள் அந்தப் பெயரை எழுதின, பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் நூல் ஒன்றிலும் அது ஏறியது. கடைசியில் விக்கிப்பீடியாவில் அந்த வரிக்கு ஆதாரமாக அதே செய்திகளில் ஒன்றைக் காட்டினார்கள். பொய் ஒரு சுற்றுச் சுற்றி வந்து தனக்குத் தானே சாட்சி சொன்னது. 2014இல் நியூயார்க்கர் இதழ் எழுதிய பிறகுதான் எல்லோருக்கும் தெரியவந்தது.

இந்தக் கதையைச் சொல்லி 'அதனால் பார்க்காதே' என்று முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அந்த வரி எந்த நாளில் நுழைந்தது என்று இன்றைக்கும் யாரும் பார்க்கலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே 'வரலாறு' என்ற தாவல் இருக்கிறது. அதில் எல்லாத் திருத்தங்களும் தேதியோடு வரிசையாக இருக்கும். ஒரு வரியைச் சேர்த்த தேதி 2008, அதற்குக் காட்டிய ஆதாரத்தின் தேதி 2010 என்றால் அங்கே ஏதோ இடிக்கக்கூடும் என்று அர்த்தம். முன்னால் வந்த வரி, பின்னால் பிறந்த ஆதாரத்திலிருந்து வந்திருக்க முடியாது. இந்த ஒரு சோதனையைச் சொல்லிக்கொடுத்தால் பதின்மூன்று வயதுப் பிள்ளைகூட செய்துவிடும். அச்சுப் புத்தகத்தில் இப்படிப் பார்க்க வழியே இல்லை. தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாராவது வாங்குகிறோமா? இங்கேயும் தூக்கிப் பார்க்க இடம் வைத்திருக்கிறார்கள்.

பக்கத்திலேயே 'உரையாடல்' என்ற இன்னொரு தாவலும் உண்டு. பெரும்பாலான வாசகர்கள் அதைத் தொட்டதே இல்லை. கட்டுரையை எழுதியவர்கள் எதில் ஒத்துப்போகவில்லை, எந்த ஆதாரத்தை ஏன் ஒதுக்கினார்கள் என்று அங்கே சண்டையே போட்டிருப்பார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரையின் தரமும் அங்கே குறித்திருக்கும். சிறந்த கட்டுரை என்று தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் கட்டுரையின் மேல் மூலையில் நட்சத்திரம் இருக்கும். வெறும் குறுங்கட்டுரை என்றால் அதையும் சொல்லிவிடுவார்கள். 'சான்று தேவை' என்று ஒரு வரியின் முடிவில் போட்டிருந்தால் அந்த வரியை எடுக்காதே என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன். மேற்கோள் காட்டித்தான் ஆகவேண்டும் என்றால், பார்த்த நாளின் பதிப்புக்கு உரிய நிலையான இணைப்பைக் கொடுக்க வேண்டும். கட்டுரை நாளைக்கே மாறக்கூடும்.

மாறுவது சில நேரம் பெரிய உதவி. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் மலிவாக வாங்கிய பழைய இயற்பியல் புத்தகம் ஒன்றை ஒரு பையன் கொண்டுவந்தான். பாரிஸுக்கு அருகே பத்திரமாக வைத்திருக்கும் பிளாட்டினம் இரிடியம் உருளையின் நிறைதான் ஒரு கிலோகிராம் என்று அதில் இருந்தது. 1889 முதல் அது சரியாகத்தான் இருந்தது. 2019 மே 20 முதல் சரியில்லை. இப்போது பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் மாறாத ஓர் அளவின் மதிப்பை 6.62607015 × 10⁻³⁴ என்று நிலையாக வைத்து அதிலிருந்து கிலோகிராமை வரையறுக்கிறார்கள். இணையக் கலைக்களஞ்சியத்தில் பழைய வரையறை, புதிய வரையறை, மாற்றியதன் காரணம் எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைத்தன.

இன்னொரு குறை உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கணிதம், இயற்பியல் கட்டுரைகள் பல, விஷயம் தெரிந்தவர்களுக்காகத் தெரிந்தவர்கள் எழுதியவை. தொடக்கக்கல்லூரி மாணவர் என்ட்ரோபி என்று தேடிப் போனால் பாதியில் மூச்சுமுட்டும். தனக்குத்தான் அறிவு போதவில்லை என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். முதல் பத்தியைப் படி, புரியாத இடத்தில் நிறுத்து, பாடநூலுக்குப் போ, மறுபடி வா என்பேன். எளிய ஆங்கிலத்தில் தனி விக்கிப்பீடியாவே இருக்கிறது, அதிலும் தொடங்கலாம். கணிதத்தில் ஆசை உள்ள பிள்ளைகளுக்கு எண் தொடர்களுக்கென்றே இருக்கும் இணையக் களஞ்சியத்தைக் காட்டுவேன். நீல் ஸ்லோன் 1964இல் தன் படிப்புக்காகச் சேர்க்கத் தொடங்கியது, 1996இல் இணையத்துக்கு வந்தது. நாலைந்து எண்களைத் தட்டினால் அந்தத் தொடர் வேறெங்கெல்லாம் வருகிறது என்று சொல்லிவிடும். அதில் நேரம் போவதே தெரியாது.

உள்ளூர் விஷயம் என்று வரும்போது உலகக் கலைக்களஞ்சியம் போதாது. சுங்கை பூலோவின் சதுப்புநிலத்தைப் பற்றி எழுதும் பிள்ளைக்கு ஒரு மரம் இந்தியப் பெருங்கடலிலிருந்து பசிபிக்வரை வளரும் என்பது மட்டும் தெரிந்து என்ன பயன்? அது சிங்கப்பூருக்கே உரிய மரமா, வெளியிலிருந்து வந்ததா என்று தேசியப் பூங்காக் கழகத்தின் தாவர, விலங்கு இணையத்தளத்தில் பார்க்க வேண்டும். தேசிய நூலக வாரியத்தின் இன்ஃபோபீடியாவும் அப்படி ஒரு நல்ல இடம். ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் ஆதாரங்களைத் தந்திருக்கிறார்கள். ரப்பர் பற்றிச் செயல்திட்டம் எழுதிய மாணவன் ஒருவன் பலபடிச் சேர்மங்களோடு நிறுத்திக்கொள்ளப் பார்த்தான். 1888இல் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை இதே ஊரில்தான் உருவாக்கினார் என்று இன்ஃபோபீடியாவில் படித்தபின் அந்தப் பூங்காவுக்கே போய்வந்தான். அப்புறம், நூலக உறுப்பினர்கள் கட்டணத் தரவுத்தளங்கள் பலவற்றை வீட்டிலிருந்தே இலவசமாகப் பயன்படுத்தலாம். இது நம் வீடுகளில் பலருக்குத் தெரியவில்லை. ஆய்விதழ் பணம் கேட்கிறது என்று பிள்ளை திரும்பிவந்தால் முதலில் அங்கே தேடச் சொல்லுங்கள்.

தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே அறிவியல் பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோரும் ஆங்கிலத்தில் அறிவியல் படிப்பவர்களாக இருப்பதில்லை. பேருந்து ஓட்டுநரான ஒரு தகப்பனார், மகள் என்ன எழுதுகிறாள் என்று தெரிந்துகொள்ளத் தமிழ் விக்கிப்பீடியாவைக் கைப்பேசியில் படித்துவிட்டு என்னிடம் வந்து சந்தேகம் கேட்டார். அவருக்கு அந்தப் பக்கம் இல்லாவிட்டால் மகளோடு அந்தப் பேச்சே நடந்திருக்காது. தமிழுக்குக் கலைக்களஞ்சியம் புதிதில்லை. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954இல் முதல் தொகுதி வந்து, 1968இல் பத்துத் தொகுதிகளாக நிறைவு பெற்ற வேலை நம்முடையது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன் போன்றவர்கள் ஆரம்ப நாட்களிலேயே ஊதியம் எதுவுமின்றி எழுதத் தொடங்கி, இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அந்த உழைப்பை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அதே நேரம் அறிவியல் கட்டுரைகள் பலவற்றில் ஆதாரம் குறைவு, சில பல வருடங்களாகப் புதுப்பிக்கப்படாமல் இருக்கின்றன. விஷயத்தைப் புரிந்துகொள்ளத் தமிழ்ப் பக்கம், ஆதாரத்தைத் தேட ஆங்கிலப் பக்கம் என்று இப்போதைக்குச் சொல்கிறேன். இப்படியே இருக்க வேண்டியதில்லை. தமிழ் நன்றாக வரும் மூத்த மாணவர்களிடம், உங்கள் செயல்திட்டம் முடிந்ததும் தமிழ் விக்கிப்பீடியாவில் அதே தலைப்பில் ஒரு வரியும் அதற்கு ஓர் ஆதாரமும் சேருங்கள் என்கிறேன். ஆதாரமில்லாமல் எழுதினால் முன்பின் தெரியாத ஒருவர் வந்து கேள்வி கேட்பார், நீக்கியும் விடுவார். அந்த அனுபவம் ஒரு முறை கிடைத்தவர்கள் அதன்பின் ஆதாரமில்லாத வரியைச் செயல்திட்டத்தில் எழுதுவதில்லை.

இதெல்லாம் முன்பைவிட இப்போது அவசரம். பிள்ளைகள் பலர் கலைக்களஞ்சியத்தைக்கூடத் திறப்பதில்லை, ஏஐயிடம் கேட்டு முடித்துவிடுகிறார்கள். பதில் சரளமாக வருகிறது. ஆதாரம் கேட்டால் சில நேரம் உலகத்தில் இல்லாத ஆய்வுக்கு அழகான தலைப்பும் ஆசிரியர் பெயர்களும் ஆண்டும் கொடுத்துவிடுகிறது. படித்துப் பார்க்காமல் ஆய்விதழ்ப் பெயரை ஒட்டிப் பழகிய பிள்ளையால் அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க முடியாது. ஆதாரத்தை அழுத்தித் திறந்து பழகிய பிள்ளைக்கு ஒரு நிமிடம் போதும்.

பள்ளி ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நாற்பது பேர் உள்ள வகுப்பில் உங்களுக்கு இருக்கும் வேலைச்சுமை எனக்குத் தெரியும். தடையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு விதியைப் போடுங்கள்: செயல்திட்டத்தின் ஆதாரப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே, அதில் எந்தப் பகுதியைப் படித்தாய், எந்த எண்ணை எடுத்தாய், அது எந்த ஊரில் யாரை எண்ணி வந்தது என்று இரண்டு வரி எழுத வேண்டும். கலைக்களஞ்சியத்தில் தொடங்கினால் அதையும் மறைக்காமல் எழுதலாம். பட்டியலில் பதினைந்து பெயர் வேண்டாம், நாலு போதும். திருத்தும்போது அந்த நாலில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுத்து, பிள்ளையைத் திறந்துகாட்டச் சொல்லுங்கள். என் வகுப்புப் பிள்ளைகள் இப்போது அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். ஒரு பள்ளியில் ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, அடுத்த பருவத்திலிருந்து வகுப்பில் எல்லோரும் இப்படியே எழுதட்டும் என்று சொல்லியிருக்கிறார்.